கழிவு என்று கழிக்கும் முன்: கிழக்கு மாகாண விவசாயத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிழக்கு மாகாண விவசாயத் திணைக்கள அதிகாரிகளுக்கும் திருகோணமலை மாவட்டச் செயலகத்தாருக்கும்,

வணக்கம்.

எங்கள் பக்கத்தில் கழிவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த குப்பை. மற்றது, யாவாரி மாம்பழ மூடையைத் தராசில் ஏற்றியதும் வாயாலேயே கழித்துவிடும் கிலோக் கணக்கு. "அம்பதுக்கு அஞ்சு கழிவு, அக்கா" என்பார். வாய்க்கட்டை அவிழ்த்துக்கூடப் பார்க்கமாட்டார். உள்ளே அழுகல் எவ்வளவு, காயம் எவ்வளவு என்று எண்ணிக் கழிப்பதில்லை. எப்படியும் இருக்கும் என்ற நம்பிக்கையில் கழிப்பது. அந்த நம்பிக்கைதான் இந்த மடலை எழுதவைத்தது. ஏனென்றால் அவர் சொல்வது பொய்யில்லை.

கடந்த ஆனியில் திருகோணமலைச் சந்தையில் எங்கள் மூடையொன்றை நானே அவிழ்த்துக் கொட்டினேன். முதல் நாள் பின்னேரம் சம்பூரில் கட்டியது. லொறியில் வந்து இறங்கும்போது இன்னும் விடியவில்லை. மேலே கிடந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பார்வைக்கு நல்லாயிருந்தது. கையை உள்ளே விட்டேன்; காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போல் சுட்டது. அடியில் கிடந்தவை நசுங்கித் தோல் வெடித்து, சாறு உரப்பையின் பின்னலூடாகக் கசிந்திருந்தது. நடுவில் இருந்தவற்றில், காம்படியிலிருந்து பால் வழிந்த தடம் கறுத்த கோடாக எரிந்து கிடந்தது. விற்கக்கூடியது, இன்றைக்கே தின்னவேண்டியது, எறியவேண்டியது என்று மூன்றாகப் பிரித்தேன். மூன்றாவது குவியலைக் கூட்டுகிற தம்பி அள்ளிக்கொண்டு போய், மீன் செதிலும் பொலித்தீன் பையும் கிடந்த குப்பையில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு புள்ளிமான்கள் வந்து மாந்தோலைப் பொலித்தீனோடு சேர்த்துச் சப்பின. நகரத்து மான்கள் வயிற்றில் பொலித்தீன் அடைத்துச் சாவதை நீங்களும் அறிவீர்கள். அவை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் எங்கள் பழத்தைத் தேடித்தான் வருகின்றன.

நான் சம்பூர்க்காரி. 2006 இல் போரால் ஊரைவிட்டு ஓடினோம். முகாம், உறவினர் வீடு என்று அலைந்து, 2015, 2016 இல் காணிகள் விடுபட்டபோது திரும்பினோம். அப்போது வளவில் இருந்தது பற்றைக்காடும் ஒற்றைக் கிணற்றுக் கட்டும்தான். வீடு கட்டமுன்னரே ஒட்டுமாங்கன்று வைத்தவர்கள் நாங்கள். அந்தக் கன்றுகள் இன்றைக்கு மரமாகிக் காய்க்கின்றன. என் வளவில் மட்டுமில்லை, அயலட்டை முழுக்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் நட்டவை என்பதால் எல்லாம் ஒரே கிழமையில் பழுக்கின்றன. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது. பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. ஆற்றைக் கடக்க மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடந்து பழம் அழுகிய காலம் முடிந்ததென்று நினைத்தோம். இப்போது பழம் விரைவாகச் சந்தைக்குப் போகிறது, போய் அங்கே அழுகுகிறது.

இலங்கையில் பழமும் மரக்கறியுமாக அறுவடைக்குப் பிறகு 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்பது அரச அலுவலகங்களில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கைச் சொல்லும்போது பலர் குளிர்களஞ்சியம் இல்லை, தொழிற்சாலை இல்லை என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பழம் கெடத் தொடங்குவது மரத்தடியில். காக்கத் தொடங்கவேண்டிய இடமும் அதுதான்.

பறித்த மாங்காய் செத்த பொருளில்லை, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றுச்சூடு பத்துப் பாகை கூடினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும். மூச்சு கூடக்கூட ஆயுள் குறையும். மூச்சிலிருந்து வரும் சூட்டை உரப்பை வெளியே விடாது. ஒரு காய் பழுக்கத் தொடங்கினால் எதிலீன் என்ற வாயுவை விடும். பக்கத்துக் காய்களும் அதை வாங்கிக்கொண்டு பழுக்கும். முன்னோர் குழிவெட்டிப் புகைபோட்டுப் பழுக்கவைத்ததும் புகையிலுள்ள அந்த வாயுவால்தான். நாங்கள் மூடையைக் கட்டி, தெரியாமலே அதே வேலையை லொறியில் செய்கிறோம். கரும்புள்ளி போடும் அந்திரக்னோஸ் என்ற பங்கசு நோய் வேறு இருக்கிறது. அது சந்தையில் தொற்றுவதில்லை. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தோலுக்குள் புகுந்து, பழம் கனியும்வரை பேசாமல் கிடக்கும்.

இவற்றுக்கெல்லாம் மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொக்கத்தடியில் சின்ன வலைப்பை கட்டிப் பறித்தால் காய் நிலத்தில் விழாது. காம்பை ஒட்ட முறிக்காமல் ஓரங்குலம் விட்டு வெட்டி, நிழலில் காம்பு கீழே பார்க்கக் கொஞ்ச நேரம் வைத்தால் பால் தோலில் படாமல் சொட்டிப்போகும். பிறகு 52 பாகை செல்சியஸ் நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் தோலுக்குள் ஒளிந்திருக்கும் பங்கசு பெரும்பாலும் அடங்கும். சூடு கூடினால் தோல் அவியும், குறைந்தால் பலனில்லை; ஆகவே வெப்பமானி இல்லாமல் இந்த வேலை ஆகாது. (கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்று நீரையும் இதற்குக் கேட்ட பிள்ளைகள் உண்டு. அது அவ்வளவு சூடில்லை.) போன பருவத்தில் என் அடுப்பில், அண்டாவில் நீர் வைத்து, ஒரே மரத்துக் காய்களில் பாதியை இப்படிச் செய்து கடகத்தில் வைக்கோல் பரப்பி அடுக்கினேன். மற்றப் பாதியை வழக்கம்போல் மூடையில் கட்டினேன். மூடைப் பழத்தில் நாலாம் நாளே காம்படி கறுத்துவிட்டது. கடகத்துப் பழம் ஒரு கிழமை தாண்டியும் தோல் தெளிவாக, மணத்தோடு இருந்தது. பழத்தை வாங்கிய யாவாரி அன்றைக்குக் கழிவு கேட்கவில்லை.

குளிர்களஞ்சியம் பற்றியும் சொல்லவேண்டும். 2025 ஏப்ரல் 5 அன்று தம்புள்ளையில் இந்திய உதவியோடு கட்டிய, 5,000 மெற்றிக் தொன் கொள்ளும் வெப்பநிலை கட்டுப்படுத்திய களஞ்சியத்தைத் திறந்தார்கள். அதே நிகழ்வில்தான் எங்கள் சம்பூரின் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தையும் தொடக்கிவைத்தார்கள். தம்புள்ளை எங்களுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். பழத்தின் சூட்டை முதல் ஆறு மணித்தியாலத்தில் இறக்காவிட்டால் அவ்வளவு தூரம் கொண்டுபோய் என்ன செய்வது? மாம்பழத்தை 13 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் தோல் கறுத்துப் பழுக்காமலே கெடும். வாழைக்கும் ஏறக்குறைய அதே அளவு. மீனுக்கு வைத்த குளிரறை மாம்பழத்துக்கு ஆகாது. அந்த அறையின் பெயரால் எங்களுக்கு ஒரு கட்டடத்தைத் தந்துவிட்டுப் போகாதீர்கள்.

அதைவிட எங்களுக்குப் பொருந்துவது ஒன்று இருக்கிறது. 1980களில் புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் மின்சாரம் வேண்டாத குளிர்ப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் சுமார் ஏழரை சென்ரிமீற்றர் இடைவெளி, அதில் ஆற்றுமணல், மேலே வைக்கோல் மூடி. காலையும் மாலையும் மணலை நனைத்தால் நீர் ஆவியாகும்போது உள்ளே சூடு இறங்கும். ஈரப்பதன் கூடுவதால் பழம் சுருங்காது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். எங்கள் மாம்பழப் பருவத்தில் வீசுவது எந்தக் காற்று? கச்சான். வைகாசி முதல் ஆவணி வரை நிலத்தை வறுத்து, உதட்டை வெடிக்கவைத்து, கிணற்றை வற்றவைக்கும் அதே கச்சான். இத்தனை காலமும் நாங்கள் சபித்த காற்று, நனைந்த மணற்சுவரில் மோதினால் பழத்தைக் குளிர்விக்கும். மாரியில், வாடை மழையோடு வரும்போது இந்தப் பெட்டி உதவாது. அப்போது எங்களிடம் மாம்பழமும் இல்லை. செங்கல்லும் மகாவலி மணலும் வைக்கோலும் எங்கள் மண்ணிலேயே கிடக்கின்றன. கட்டிக்காட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

பிளாஸ்ரிக் கூடை பற்றி நீங்கள் தயங்குவீர்கள். 2011 இன் கடைசியில் மரக்கறியையும் பழத்தையும் கூடையில்தான் ஏற்றவேண்டுமென்று சட்டம் போட்டு, விவசாயிகள் வீதிக்கு வந்து, அரசு பின்வாங்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கூடை நல்லதென்பதில் அன்றைக்கும் சந்தேகமிருக்கவில்லை. அதை யார் வாங்குவது, வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுவருவது, லொறியில் இடம் குறைவதால் கூடும் கூலியை யார் கட்டுவது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் தண்டம் மட்டும் சொன்னார்கள். கூடை தனியாளின் சொத்தாக இருந்தால் அந்தக் கேள்வி தீராது. ஊர்ச் சேகரிப்புக் கொட்டிலின் சொத்தாக, இலக்கம் போட்டு, போன லொறியிலேயே திரும்புவதாக இருந்தால் தீரும்.

இனி, எறியும் குவியலுக்கு வருகிறேன்.

என் அம்மம்மா பனம்பழத்தில் பினாட்டுப் போடுவார். ஆவணி, புரட்டாதியில் விடியமுன்னம் பனங்கூடலுக்குள் போய், இரவு விழுந்த பழத்தைக் கடகத்தில் பொறுக்கி வருவோம். தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைவார். முழங்கைவரை மஞ்சள். களியை வடித்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் மெல்லிசாகப் பூசுவார். அது காய, மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்படி நாள்நாளாய் ஏறி, பாயைவிட்டு உரியும்போது தோல்போல் வளையும். வெட்டிக் கடகத்தில் அடுக்கி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் அடுத்த பழம்வரை இருக்கும். பிசைந்த தும்பை மாடு சப்பும். கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் தை மாதம் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாய்க் காயவைத்தால் ஒடியல். கிழங்கு பிடுங்கிய கொட்டையைப் பிளந்தால் பிள்ளைகளுக்குப் பூரான். மிஞ்சிய ஓடு விறகு. அம்மம்மாவிடம் உப உற்பத்தி என்று ஒரு சொல் இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயர் இருந்தது. பெயரில்லாதது எதுவும் அவர் வளவில் கிடக்கவில்லை.

மாம்பழத்துக்கும் அப்படிச் செய்யலாம். அடிபட்ட, சந்தைக்கு ஆகாத, ஆனால் அழுகாத பழத்தைக் களியாக்கிப் பாயில் பூசினால் மாம்பழப் பினாட்டு. எங்கள் மாதர் சங்கத்தில் ஐந்து பேர் செய்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தோலும் கொட்டையும் சேர்ந்தால் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. தோலில் ஜாமை இறுகவைக்கும் பெக்ரின் இருக்கிறது. அன்றன்றைக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் அளவோடு போடலாம். தவிட்டோடு கலந்து காற்றுப் புகாமல் அமுக்கி வைத்தால் புல் காயும் காலத்துக்குத் தீன். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு இன்னும் பெறுமதியானது. 2000 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், சொக்லேற்றில் கொக்கோ வெண்ணெயோடு 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பும் ஒன்று. நாங்கள் நாளைக்கே ஐரோப்பாவுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லவில்லை. மான் நக்கிய குப்பையில் கிடந்த கொட்டைக்கு உலகத்தில் விலை உண்டு என்பதைச் சொல்கிறேன். ஆனால் அது உடனே உடைத்துக் காயவைத்த பருப்புக்குத்தான். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும்.

மரமுந்திரிகைப் பழத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கூடுதலாக நோகும். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, அதைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு எடையுள்ள பழத்தை மரத்தடியிலேயே விடுகிறோம். ஒரே எடைத் தோடம்பழத்தைவிட நாலைந்து மடங்கு விற்றமின் சி உள்ள பழம் அது. ஒரு நாளில் புளித்துவிடும், தொண்டையைக் கயர்க்கும் என்பதுதான் குற்றம். கயரை எடுக்கச் சாற்றில் அரிசிக்கஞ்சியை விட்டுக் கலக்கித் தெளியவைத்தால் போதும். அது மண்டியோடு அடியில் இறங்கிவிடும். தர்ப்பூசணித் தோலின் வெள்ளையைக் கறியாக்கலாம், பாகில் ஊறவைத்து இனிப்பாக்கலாம். நிலாவெளிப் பாதையோரத்தில் கோடையெல்லாம் குவியும் தோலை வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அங்கே கிடக்கிறது.

ஒரு விடயத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். தோலும் கொட்டையும் சம்பூரில் பிரிந்தால் தீன், பருப்பு, பசளை. அதே தோல் மூடைக்குள் நசுங்கி நகரத்துக்குப் போய், பொலித்தீனோடும் மீன் செதிலோடும் கலந்தால் அதற்குப் பிறகு யாராலும் எதுவும் செய்யமுடியாது. எச்சம் கழிவாவது கலக்கும் இடத்தில். அந்த இடத்துக்குப் போகமுன் பிரிக்கவேண்டும். நான் கேட்பது முழுக்க இந்த ஒன்றுதான்.

சில வருசங்களுக்கு முன் ஓர் உதவித் திட்டத்தில் எங்கள் சங்கத்துக்கு மின் உலர்த்தி ஒன்று வந்தது. நாடா வெட்டி, படம் எடுத்தார்கள். முதல் மாத மின்கட்டணம் வந்த அன்றே எங்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் பருவத்தில் காற்றாடி நின்றது. திருத்த வருபவர் கொழும்பிலிருந்து வரவேண்டும். இன்றைக்கு அதன்மேல் நெல் மூடை அடுக்கியிருக்கிறது. தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். எங்களிடம் ஒருமுறை கேட்டிருந்தால் உமியில் எரிவது வேண்டும் என்று சொல்லியிருப்போம். தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியாப் பக்கத்து ஆலைகளில் உமி மலைபோல் குவிகிறது. நெல்லின் எச்சத்தில் மாம்பழத்தின் எச்சத்தைக் காயவைக்கலாம். ஊர்க் கொல்லரும் திருத்தக்கூடிய தகரப்பெட்டிதான் அதற்குத் தேவை.

போத்தலில் அடைக்கும் வேலையில் மட்டும் நான் அவசரப்படச் சொல்லமாட்டேன். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் எங்கள் சமையலறைக்கும் பொருந்தும், பொருந்தவும் வேண்டும். புளிப்பு இங்கே உயிர் காக்கும் விடயம்: பீஎச் 4.6 க்குக் கீழே இருக்கும் களியைக் கொதிக்கவைத்து அடைத்தால் போதும், அதற்கு மேலே போனால் மூடிய போத்தலுக்குள் நஞ்சுண்டாக்கும் பக்ரீரியா வளரலாம். மாம்பழம் பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே நிற்கும். பப்பாசி மேலே போய்விடும், தேசிக்காய்ப்புளி விட்டே ஆகவேண்டும். எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லித்தந்தார்கள்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மூடச் சொல்லமுன், யாராவது வந்து அளக்கச் சொல்லித்தரலாமே.

படித்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. அநுராதபுரத்தில் அறுவடைக்குப் பின்னரான தொழினுட்பத்துக்கென்றே அரச நிறுவகம் இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கொழும்புக் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகமும் 2012 முதல் சேர்ந்து ஹெக்சனாலில் வேலை செய்தார்கள். புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனையில் இருக்கும் பொருள் அது. பழத்தின் கலமென்சவ்வைச் சிதைக்கும் நொதியத்தை அடக்கி, கனிவதைத் தள்ளிப்போடும். வாழைத்தண்டு நாரில் அதை ஏற்றிப் பழம் பொதியும் உறையும் செய்தார்கள். குலை வெட்டியபின் நாங்கள் எறியும் தண்டு! ஒரே கிழமையில் எல்லா மரமும் பழுக்கும் எங்கள் ஊருக்கு, கனிவதைச் சில நாள் தள்ளிப்போடுவதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்த உறையைக் கையில் தொட்டுப் பார்த்த ஒருவரையும் மூதூர்ப் பக்கத்தில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆகவே, ஐயாமாரே, அம்மாமாரே, நான் கேட்பது இவ்வளவு. மூதூருக்கும் சம்பூருக்கும் இடையில் ஓலைக்கூரையோடு ஒரு சேகரிப்புக் கொட்டில். அதில் ஒரு தராசு, வெப்பமானி வைத்த சுடுநீர்த் தொட்டி, இரண்டு மணற்சுவர்ப் பெட்டி, உமி உலர்த்தி, இலக்கம் போட்ட கூடைகள். அநுராதபுரத்தில் பயின்று வந்து பருவம் முழுக்க எங்களோடு நிற்கும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர். ஒருநாள் பயிற்சிப்பட்டறையும் சாப்பாட்டுப் பார்சலும் வேண்டாம். நகரச் சந்தையில் பழ எச்சத்துக்கென்று மானெட்டாத மூடியோடு தனித்தொட்டி. அந்தத் தராசில் எங்கள் கண்முன்னால், கூடையைத் திறந்துவைத்து, கழிவை நிறுத்துக் கழிக்கும் ஒழுங்கு. உண்மையில் அழுகியதற்கு நாங்கள் பணம் கேட்கமாட்டோம்.

இதை எழுதும்போது மரங்களில் பூ வந்துவிட்டது. வைகாசி பிறக்க முதற்காய் இறங்கும். கொட்டில் போட நிலம் தர எங்கள் சங்கத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஓலையும் ஆளுழைப்பும் எங்கள் பொறுப்பு. ஒரு பின்னேரம் வாருங்கள், மூடை கட்டும் நேரமாகப் பார்த்து. கையை உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
சம்பூரிலிருந்து ஒரு மாந்தோட்டக்காரி